ஒடுக்கு விழுந்த இறக்கை: ஒட்டுப் போடுவதா, தகடு மாற்றுவதா, விட்டுவிட்டு வருவதா?

நண்பர் ஒருவர் பழைய ஆர்வி-6 விமானம் ஒன்றைப் பார்க்கப் போனபோது என்னையும் கூட்டிப்போனார். டெக்சாஸில், ஊரைத் தாண்டி ஒரு மணி நேரம் ஓட்டினால் வரும் சின்ன விமானத் தளம். வரிசையாகத் தகரக் கொட்டகைகள். விற்பவர் சொன்ன விலை, அதே வயதுள்ள இன்னொரு ஆர்வி-6க்குக் கேட்பதில் பாதியைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். காரணம் இடது இறக்கை. அதன் முன்விளிம்பில், நுனியிலிருந்து மூன்றடி உள்ளே, தேங்காய் மூடியை வைத்து அழுத்தியதுபோல் ஓர் ஒடுக்கு. கொட்டகைக் கதவில் லேசாக இடித்துவிட்டது, ஓர் ஒட்டுத் தகடு போட்டால் தீர்ந்தது என்றார் விற்பவர்.

மிச்சமாகும் பணத்தை நண்பர் அப்போதே எண்ண ஆரம்பித்துவிட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது. நான் ஆறு வருடமாக வீட்டு கராஜில் ஓர் ஆர்வி-7 கட்டிக்கொண்டிருப்பவன். தகடுகளை இணைக்கும் ஆணியான ரிவெட்டை அடித்த அனுபவத்தைவிட, தப்பாக அடித்த ரிவெட்டைப் பிடுங்கிய அனுபவம் எனக்கு அதிகம். அந்த யோக்கியதையில், அன்றைக்கும் அதற்கடுத்த இரண்டு வாரமும் நாங்கள் எடைபோட்ட வழிகளை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆர்வி விமானங்கள் கிட்டாக வருபவை. ஓரிகான் மாநிலத்தின் அரோரா என்ற ஊரில் இருக்கும் வான்ஸ் ஏர்கிராஃப்ட் அவற்றைத் தயாரிக்கிறது. ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வன் 1970-களின் தொடக்கத்தில் ஆரம்பித்த நிறுவனம். தகடும், இறக்கைக்கு விலா எலும்பு மாதிரி நிற்கும் ரிப்பும் பெட்டியில் வரும். வாங்கியவர் வீட்டில் வைத்து ஆயிரக்கணக்கில் ரிவெட் அடித்துக் கட்ட வேண்டும். இப்படிக் கட்டிப் பறந்தவை 11,000-க்கும் மேல். ஆர்வி-6 இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் விமானம். 2001-இல் ஆர்வி-7 அதன் இடத்துக்கு வந்தது. 2001 என்ற இந்த ஆண்டு பின்னால் தேவைப்படும்.

முதலில் சட்டம், ஏனென்றால் எந்த வழியைத் தேர்ந்தாலும் கடைசியில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அமெரிக்காவில் இவை 'எக்ஸ்பெரிமென்டல் அமெச்சூர் பில்ட்' என்ற பிரிவில் வருகின்றன. பாதிக்கு மேற்பட்ட வேலையைச் சொந்தக் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ ஒருவர் செய்திருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. கட்டியவர் விண்ணப்பித்து ரிப்பேர்மேன் சான்றிதழ் வாங்கிக்கொண்டால், வருடா வருடம் நடக்கும் கண்டிஷன் இன்ஸ்பெக்‌ஷனை அவரே செய்து கையெழுத்திடலாம். விமானத்தை விற்றால் அந்த உரிமை வாங்கியவருக்குப் போகாது. அவர் பெரும்பாலும் ஏ&பி (விமான உடலும் என்ஜினும்) உரிமமுள்ள மெக்கானிக் ஒருவரைத் தேட வேண்டியிருக்கும். ஆனால் பழுதுபார்க்கும் வேலை வேறு விஷயம்: செஸ்னா மாதிரித் தொழிற்சாலை விமானங்களைக் கட்டிப்போடும் பகுதி 43 பராமரிப்பு விதிகள் இவற்றுக்குப் பொருந்தாது. இறக்கைத் தகட்டை நீங்கள் மாற்றலாம், நான் மாற்றலாம், பக்கத்து வீட்டுக்காரர்கூட மாற்றலாம். பிறகு வருடாந்திரப் பரிசோதனைக்கு வரும் மெக்கானிக் அந்த வேலையைப் பார்த்து, இதற்கு என் பெயரைத் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டால் விமானம் கொட்டகையிலேயே நிற்கும். அதனால் எந்த முறையில் சரிசெய்யப் போகிறோம் என்பதை அந்த மெக்கானிக்கிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. நண்பர் விலை பேசுவதற்கு முன்பே ஒருவரிடம் பேசினார். அவர் கேட்ட முதல் கேள்வி ஒடுக்கின் அளவைப் பற்றியது அல்ல. "இடித்தது எந்தத் திசையில்?" என்பதுதான்.

சரியான கேள்வி. இறக்கைக்குள்ளே நீளவாக்கில் இரண்டு ஸ்பார்கள் ஓடுகின்றன. ஸ்பார் என்பது ஓட்டு வீட்டுக்கு உத்தரம் மாதிரி. முன்னாலிருக்கும் பெரிய ஸ்பார் பாரத்தைத் தாங்குகிறது. பின்னாலிருக்கும் சின்ன ஸ்பார் இறக்கை முன்னும் பின்னும் ஆடாமல் பிடித்துக்கொள்கிறது. ஆர்வி-6இல் இரண்டுக்கும் நடுவே தோராயமாக இரண்டரை அடி. ஒடுக்கு விழுந்த இடமோ உடம்பிலிருந்து ஆறரை அடி தள்ளி இருக்கிறது. அந்த இடத்தில் முன்னாலிருந்து 100 கிலோ அழுத்தம் விழுந்தால், நெம்புகோல் கணக்குப்படி அடிப்பக்கத்தில் பின் ஸ்பார் இணைப்பில் 250 கிலோவுக்கு மேல் இறங்கும். அந்த இணைப்பில் இருப்பது ஒரே ஒரு போல்ட். ஆக, நுனியில் தேங்காய் மூடியளவு ஒடுக்கு. உண்மையான அடி ஆறடி தள்ளி, யாரும் குனிந்து பார்க்காத இடத்தில் இருக்கலாம். ஒடுக்கைப் பார்த்து விலை பேசுகிறவர் பாதிக் கணக்கைத்தான் பார்க்கிறார்.

இன்னொரு சந்தேகமும் உண்டு. ஆர்வி-6 வால்சக்கர விமானம். இறங்கும்போது கொஞ்சம் கவனம் தப்பினால் வால் சுழன்று முன்னுக்கு வந்துவிடும். கிரவுண்ட் லூப் என்பார்கள். அப்போது வெளிப்பக்க இறக்கையின் நுனி தரையைத் தொடும், சில சமயம் ஓடுபாதை ஓரத்து விளக்கிலோ வேலியிலோ மோதும். கொட்டகைக் கதவில் உரசியதும் இதுவும் விளம்பரத்தில் ஒரே வார்த்தையில் எழுதப்படும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. கிரவுண்ட் லூப்பில் ப்ரொப்பெல்லரும் தரையில் அடித்திருந்தால் என்ஜினைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என்ஜின் தயாரிக்கும் லைகமிங் நிறுவனத்தின் அறிவுரை. அந்தச் செலவுக்கு முன்னால் இறக்கைத் தகடு சில்லறைக் காசு.

சரி, எப்படிப் பார்த்தோம்? முதல் ஒரு மணி நேரம் எந்தக் கருவியும் எடுக்கவில்லை. மாலை வெயில் சாய்ந்து விழும்படி கதவைத் திறந்துவைத்து, நுனிக்குப் பின்னால் உட்கார்ந்து, கண்ணைத் தகட்டோடு ஒட்டி நீளவாக்கில் பார்த்தோம். நேராக நின்று பார்த்தால் தெரியாத நெளிவெல்லாம் அப்படிப் பார்த்தால் தெரியும். ரிப்புக்கும் ரிப்புக்கும் நடுவே குறுக்குச் சாய்வாக ஒரு சுருக்கம் நிரந்தரமாக நின்றுவிட்டிருந்தால், அந்தத் தகடு ஒரு முறை தன் எல்லையைத் தாண்டி முறுக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். பாரம் போன பிறகும் சேலையில் மடிப்பு நிற்பதுபோல் அது நிற்கும். அடுத்து ரிவெட்டுகள். தளர்ந்த ரிவெட் பறக்கும்போது ஆடி உரசும். அலுமினியத் தூள் கறுத்துக் காற்றோட்டத்தின் திசையில் வால் மாதிரி ஒழுகியிருக்கும். 'புகைக்கும் ரிவெட்' என்று இங்கே சொல்வார்கள்.

அப்புறம்தான் அளவு. இரண்டு இறக்கையிலும் ஒரே ரிப்பின் மேல் டிஜிட்டல் மட்டத்தை வைத்து, அடியிலிருந்து நுனி வரை கோணம் எடுத்தோம். நுனியிலிருந்து வால்பகுதியில் ஒரு குறிப்பிட்ட ரிவெட் வரை இரண்டு பக்கமும் டேப் பிடித்தோம். முன்விளிம்பிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டு, தரையில் புள்ளி வைத்து, நூல் கட்டிப் பார்த்தோம். கொத்தனார் சுவர் பார்ப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. இடது நுனி வலதைவிட 3/8 அங்குலம் பின்னால் இருந்தது. முறுக்கில் அரை டிகிரி வித்தியாசம்.

இதை வைத்து மட்டும் குற்றம் சாட்ட முடியாது. இது தொழிற்சாலையில் அச்சில் வார்த்த பொருள் அல்ல. யாரோ ஒருவர் கராஜில் கட்டியது. தொடக்கத்திலேயே அப்படிக் கட்டியிருக்கலாம். ஆனால் பின் ஸ்பார் போல்டைச் சுற்றி பெயின்ட் வட்டமாக வெடித்திருந்தது. அடித்தகட்டில், உடம்பை ஒட்டிய முதல் இரண்டு ரிப்புகளுக்கு நடுவே, சாய்வான சுருக்கம் ஒன்று. நுனியின் ஃபைபர்கிளாஸ் மூடியைக் கழற்றி போரோஸ்கோப் என்ற குழாய்க் கேமராவை உள்ளே விட்டதில், ஒடுக்குக்குப் பின்னாலிருந்த மூக்கு ரிப் மடங்கியிருந்தது. மூன்றும் சேர்ந்தால் கதவில் லேசாக உரசிய கதை நிற்கவில்லை. இதோடு, அடிபட்ட கதை எதுவும் இல்லாத ஆர்வி-6இலும் பார்த்தே ஆக வேண்டிய இடம் ஒன்று உண்டு: இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் அசைந்து விமானத்தைச் சாய்க்கும் எயிலரானின் உட்புறக் கீல் பொருந்தும் இடத்தில் பின் ஸ்பார். ஆர்வி-3, 4, 6, 7, 8 வகைகளில் அங்கே விரிசல் வருவதாக வான்ஸ் 2016-இல் அறிவிப்பு வெளியிட்டது. நாங்கள் பார்த்ததில் அந்த இடம் சுத்தமாக இருந்தது.

காரில் பட்டி பார்த்திருக்கிறார்களா என்று காந்தத்தை வைத்துப் பார்க்கும் நம்மூர் தந்திரம் இங்கே செல்லாது. அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது. அலுமினியத்துக்கும் வேலை செய்யும் பெயின்ட் தடிமன் மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். பழைய விமானம் பார்க்கப் போகிறவர் பையில் இருக்க வேண்டிய பொருள் அது.

இனி வழிகள்.

சும்மா விட்டுவிடுவது. இதைக் கேட்டால் பலர் முகம் சுளிக்கிறார்கள், ஆனால் நியாயமான வழிதான். டெக்சாஸில் ஆலங்கட்டி மழைக்குத் தப்பாத விமானம் குறைவு. மேல்தகடு முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி ஆழமில்லாத குழிகள் இருக்கும். குழி வழுவழுப்பாக, கூரான மடிப்பில்லாமல், ரிப்பிலிருந்தும் ஸ்பாரிலிருந்தும் ரிவெட் வரிசையிலிருந்தும் தள்ளி இருந்து, சாயம் தடவிப் பார்த்தும் விரிசல் தெரியாவிட்டால், பதிவுப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் பறக்கலாம். அழகுக்காக இலேசான பட்டி போடுவதும் இறக்கைத் தகட்டில் பரவாயில்லை. எயிலரானிலும், வாலில் அதேபோல் அசையும் எலிவேட்டரிலும் அது கூடவே கூடாது. அவை கீலுக்கு முன்னாலும் பின்னாலும் எடை பார்த்துச் சமநிலைப்படுத்தப்பட்டவை. பின்பகுதியில் கைப்பிடியளவு பட்டி ஏறினாலும் சமநிலை கெட்டு, வேகத்தில் படபடவென்று அடிக்க ஆரம்பிக்கும். ஃப்ளட்டர் என்கிற அந்தப் படபடப்பு சில நொடிகளில் பாகத்தையே பிய்த்துவிடக்கூடியது.

எங்கள் ஒடுக்குக்கு இந்த வழி கிடையாது. உள்ளே ரிப் மடங்கியிருக்கிறது.

தட்டி நிமிர்த்துவது. டிங்கரிங் கடையில் காருக்குச் செய்வதுபோல் உள்ளிருந்து தட்டி எடுக்க முடியாதா என்று ஊரிலிருக்கும் என் தம்பி கேட்டான். முடியாது. கார்த் தகடு மெல்லிய எஃகு. தட்டத் தட்ட வளைந்து கொடுக்கும், சூடு காட்டினாலும் தாங்கும். ஆர்வியின் தகடு 2024-டி3 என்ற அலுமினியக் கலவை, பல இடங்களில் 0.025 அங்குலத் தடிமன்தான். அதாவது முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. அதன் பலமெல்லாம் ஆலையில் சூடேற்றிக் குளிர்வித்து இழுத்த பக்குவத்தில் இருக்கிறது. தட்டினால் அந்த இடம் கெட்டிப்பட்டு நொறுங்கும் தன்மைக்குப் போகும். சூடு காட்டினால் பக்குவமே போய்விடும். மேற்புறத்தில் துரு அண்டாமலிருக்கப் பூசியிருக்கும் சுத்த அலுமினியப் படலமும் தேய்ப்பில் போய்விடும். இந்த வழியைப் பட்டியலில் வைத்ததே, இது வழியல்ல என்று சொல்லத்தான்.

ஒட்டுத் தகடு போடுவது. அடிபட்ட பகுதியை மூலைகள் வட்டமாக இருக்கும்படி வெட்டி எடுத்துவிட்டு, அதே கலவையில் அதே தடிமனோ ஒரு படி கூடுதலோ உள்ள தகட்டை ரிவெட் அடித்துப் பொருத்துவது. இதற்கான கணக்கெல்லாம் அமெரிக்க விமானத் துறை வெளியிட்ட ஏசி 43.13-1பி என்ற கையேட்டில் இருக்கிறது. ரிவெட்டின் நடுவிலிருந்து தகட்டின் ஓரம் வரை குறைந்தது விட்டத்தின் இரண்டு மடங்கு. ரிவெட்டுக்கும் ரிவெட்டுக்கும் மூன்று மடங்குக்குக் குறையக் கூடாது. 3/32 அங்குல ரிவெட் என்றால் ஓரத்துக்கு 3/16 அங்குலம். ஒழுங்காகச் செய்த ஒட்டு பலத்தில் மூலத் தகட்டுக்குக் குறைந்ததல்ல. வேலையும் ஒரு வாரக் கடைசியில் முடியும்.

ஆனால் ஒட்டு தட்டையான இடத்துக்கானது. அடித்தகட்டின் நடுவில் கல் கிழித்த ஓட்டைக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன். முன்விளிம்பில் கதை வேறு. அங்கே தகடு உருண்டு திரும்புகிறது. ஒட்டின் விளிம்பு எழும்பி நின்றால் காற்றோட்டம் அந்த இடத்திலேயே கலையும். இரண்டு இறக்கையும் ஒரே நேரத்தில் தூக்கும் விசையை இழக்காமல், ஒன்று முந்திக்கொள்ளும். மூடிய இறக்கைக்குள் ரிவெட்டின் பின்பக்கம் இரும்புக்கட்டியை வைத்துப் பிடிக்கக் கை போகாததால், ஒரு பக்கத்திலிருந்தே இழுத்து அடைக்கும் ரிவெட்டுக்குப் போக வேண்டியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, மடங்கிய ரிப் உள்ளேயே கிடக்கும். விற்பவர் சொன்ன வழி இதுதான், மலிவானதும் இதுதான். பழுதின் மேல் மூடி போட்டமாதிரி.

தகடு மாற்றுவது. நான் மனதளவில் சாய்ந்தது இந்தப் பக்கம். முதலில் ஒரு நல்ல செய்தி: ஆர்வி-6, 7 வகைகளில் முன்விளிம்பின் உட்பகுதிதான் பெட்ரோல் டாங்க். அது திருகாணிகளால் ஸ்பாரோடு பொருத்தப்பட்டது. கழற்றி எடுத்து வேறு டாங்க் மாட்டலாம். இடித்த இடம் இன்னும் மூன்றடி உள்ளே இருந்திருந்தால், கசிவு அடைக்கும் கறுப்புப் பசையோடு மாரடிக்க வேண்டியிருந்தாலும், இறக்கையைப் பிரிக்காமல் வேலை முடிந்திருக்கும். எங்கள் ஒடுக்கு டாங்குக்கு வெளியே, ரிவெட் அடித்து மூடிய பகுதியில்.

ஒரு ரிவெட்டை எடுப்பது எப்படி என்றால், தலையின் நடுவில் சரியாகத் துளையிட்டு, தலையை மட்டும் உடைத்து, தண்டை மெதுவாகத் தட்டி வெளியேற்ற வேண்டும். டிரில் ஒரு மயிரிழை நகர்ந்தால் ரிப்பிலிருக்கும் துளை நீள்வட்டமாகிவிடும். அப்போது தண்டு பெரிதாகவும் தலை சிறிதாகவும் உள்ள ஒரு ரிவெட் கைகொடுக்கும். கட்டுகிறவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயரே 'ஊப்ஸ் ரிவெட்'. என் கராஜில் அந்த டப்பாதான் சீக்கிரம் காலியாகிறது. இப்படி ஒன்றிரண்டல்ல, சில நூறு ரிவெட்டுகள்.

இங்கேதான் 2001 வருகிறது. ஆர்வி-7 கிட்டில் தகட்டிலும் ரிப்பிலும் துளைகள் ஆலையிலேயே ஒன்றுக்கொன்று பொருந்தும்படி போடப்பட்டு வருகின்றன. புதுத் தகடு வாங்கி வைத்தால் துளைக்குத் துளை உட்கார்ந்துவிடும். ஆரம்பகால ஆர்வி-6 கிட்களில் அப்படியில்லை. கட்டியவர் ஸ்கேலும் மார்க்கரும் வைத்துக் கோடு போட்டுத் துளையிட்டார். அவர் துளை அவருக்கு மட்டுமே சொந்தம். புதுத் தகட்டை மேலே போர்த்தி, உள்ளிருக்கும் பழைய துளைகளைக் குருட்டுத்தனமாகத் தேடி வெளியே கொண்டுவர வேண்டும். பழைய தகட்டை அச்சாக வைத்துத் துளைகளை நகலெடுக்கலாம், ஆனால் அடிபட்டு நெளிந்த தகடு நல்ல அச்சு அல்லவே. ஒரே மாதிரி ஒடுக்கு. ஆர்வி-7இல் இரண்டு வார வேலை, பழைய ஆர்வி-6இல் இரண்டு மாதம்.

இன்னொரு பொறி: தகடு வெறும் போர்வை அல்ல. மேலும் கீழும் மூடிய பெட்டியாக இருப்பதால்தான் இறக்கை முறுக்கத்தைத் தாங்குகிறது. தீப்பெட்டியின் உள்தட்டை எடுத்துவிட்டால் வெளிக்கூடு எப்படிச் சாய்கிறதோ அப்படி, தகட்டைப் பிரித்ததும் இறக்கை துவண்டுபோகும். சட்டகத்தில் கட்டிவைத்து, மட்டம் பார்த்து, அந்த நிலையிலேயே புதுத் தகட்டை ரிவெட் அடிக்க வேண்டும். இல்லையென்றால் முறுக்கு அப்படியே உள்ளே பூட்டப்பட்டுவிடும். எங்களுடைய அரை டிகிரியைச் சரிசெய்ய இது ஒரு வாய்ப்பும்கூட என்று நான் சொன்னேன். மெக்கானிக் சிரித்தார்.

புதுத் தகடு வாங்கும்போது ஒரு கவனம். 2023-இல் வான்ஸ் கிட்களில் லேசரால் துளையிட்ட சில பாகங்கள், ரிவெட் தலை பதிவதற்காகத் துளையைச் சுற்றிக் குழி அழுத்தும்போது (டிம்பிள் என்பார்கள்) துளையோரத்தில் விரிசல் விடுவது தெரியவந்தது. நிறுவனம் மாற்றுப் பாகங்கள் தர வேண்டியதாயிற்று. அந்த நெருக்கடியும் சேர, டிசம்பரில் சாப்டர் 11 என்ற திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போய், 2024-இல் மீண்டது. இப்போது நேரடியாக வாங்குவதில் பயமில்லை. யாரோ பாதியில் விட்ட கிட்டிலிருந்து மலிவாகக் கிடைக்கும் தகட்டைத்தான் எப்போது வந்தது என்று கேட்டு வாங்க வேண்டும்.

இறக்கையையே மாற்றுவது. நண்பருக்குப் பிடித்த யோசனை. என்ஜின் கெட்டு நின்றுவிட்ட வேறோர் ஆர்வி-6இன் நல்ல இறக்கையைக் கொண்டுவந்து மாட்டினால் என்ன? கேட்கச் சுலபமாக இருக்கிறது. பின் ஸ்பார் போல்டுக்கான துளை கிட்டில் வருவதில்லை. இறக்கையை உடம்போடு சேர்த்து, கோணமும் நேரும் பார்த்து, எல்லாம் சரியான பிறகு கடைசியில் கட்டுகிறவர் போடும் துளை அது. வேறு உடம்புக்காகப் போட்ட துளை இந்த உடம்பில் எங்கே விழும் என்று சொல்ல முடியாது. கொஞ்சம் விலகினால் ஓரத்துக்குத் தேவையான இடைவெளி போய்விடும். அதோடு அந்த ஸ்பாரும் பழுதாகிவிடும். பெரிய ஸ்பாரின் துளைகளுக்கும் இதே தலைவலி உண்டு. ஆர்வி-7இன் புது இறக்கைக் கிட் வாங்கலாம் என்றால், அதன் ஸ்பார் வேறு; ஆர்வி-6 உடம்பில் அப்படியே பொருந்தாது.

ஆர்வி-12 என்றால் நான் வேறு பதில் சொல்வேன். அதன் இறக்கைகள் இரண்டு பின்களை உருவினால் நிமிடங்களில் கழன்றுவிடும். டிரெய்லரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோவதற்காகவே அப்படி வடிவமைத்தது. ரிவெட்டுகளும் பெரும்பாலும் ஒரு பக்கத்திலிருந்து இழுத்து அடைப்பவை. இறக்கை அடிபட்ட ஆர்வி-12 மலிவாக வந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

இந்த இடத்தில் உலோகமல்லாத இறக்கைகளையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். கிட்ஃபாக்ஸ் போன்ற துணி போர்த்திய விமானங்கள், அடிபட்டதை வாங்குகிறவருக்கு மிக நேர்மையானவை என்பது என் கட்சி. அலுமினியக் குழாய் ஸ்பார், ப்ளைவுட் ரிப், மேலே பாலியெஸ்டர் துணி. சந்தேகமா? துணியை வெட்டித் திறந்தால் உள்ளே எல்லாம் பட்டப்பகல். ரிப்பை மாற்றி, துணியை ஒட்டி, இஸ்திரிப்பெட்டியால் சூடு காட்டினால் முறுக்கேறிவிடும். சூட்டுக்கு உச்சவரம்பு 350 டிகிரி ஃபாரன்ஹீட். தாண்டினால் துணி தளர்ந்துவிடும்.

இதற்கு நேர் எதிர், கிளாசேர் மாதிரி கண்ணாடி இழை விமானங்கள். ஓங்கி அடிபட்டாலும் பழைய வடிவத்துக்கே திரும்பி, ஒன்றும் நடக்காததுபோல் நிற்கும். உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும். சந்தையில் மண்பானையை விரலால் சுண்டிப் பார்த்து வாங்குவதுபோல், நாணயத்தால் அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்ற ஒலி சட்டென்று மொத்தையாகிற இடத்தைப் பென்சிலால் வட்டமிட வேண்டும். சரிசெய்வது ரிவெட் வேலையைவிடச் சுலபம், ஒவ்வோர் அடுக்கையும் படிப்படியாகச் சரித்துத் தேய்த்துப் புது இழை படிய வைப்பதுதான். எவ்வளவு தூரம் பிரிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் பாடு. அனுபவமுள்ள காது இல்லாமல் அடிபட்ட கண்ணாடி இழை இறக்கையை நான் வாங்க மாட்டேன்.

ஜெனித் சிஎச் 601 எக்ஸ்எல் விமானத்துக்குத் தனிக் குறிப்பு தேவை. பறக்கும்போதே இறக்கை உடைந்த விபத்துகள் தொடர்ந்ததால், 2009 ஏப்ரலில் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அதைத் தரையிலேயே நிறுத்தச் சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் விமானத் துறை எச்சரிக்கை வெளியிட்டது. ஸ்பாரை வலுப்படுத்தவும் எயிலரானைச் சமநிலைப்படுத்தவும் மேம்பாட்டுக் கிட் வந்தது. அந்த மாற்றம் செய்யாத 601 எக்ஸ்எல் அடிபட்டு விற்பனைக்கு வந்தால் பழுதோடு சேர்த்து அதையும் செய்தாக வேண்டும். ஒருவகையில் பார்த்தால், இறக்கையை எப்படியும் பிரிக்க வேண்டியிருப்பதால் இரண்டு வேலையையும் ஒரே மூச்சில் முடிக்கலாம். அந்தக் கணக்கு சரியாக வருகிற விலையில் கிடைத்தால் யோசிக்கலாம்.

கடைசி வழி, விட்டுவிட்டு வருவது. அல்லது அதன் தம்பி: இறக்கைக்கு மதிப்பே இல்லையென்று வைத்து, என்ஜின், ப்ரொப்பெல்லர், கருவிப் பலகை, உடம்பு இவற்றுக்கு மட்டும் விலை சொல்வது. நாங்கள் இதைத்தான் செய்தோம். பின் ஸ்பார் போல்டைக் கழற்றித் துளையை அளந்து பார்க்க அனுமதி கேட்டோம். துளை வட்டமாகவே இருந்தால் தகடு மாற்றும் விலை. நீள்வட்டமாக இருந்தால் இறக்கையில்லா விலை. இரண்டு விலையையும் தாளில் எழுதிக் கொடுத்தோம். அரை மணி நேர வேலை, அவர் கண்முன்னாலேயே. விற்பவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். பிறகு போனை எடுக்கவில்லை.

நண்பருக்கு வருத்தம்தான். அவசரப்பட்டுப் பயமுறுத்திவிட்டேனோ என்று எனக்கும் ஒரு வாரம் உறுத்தல். பிறகு அவர் ஆலங்கட்டித் தழும்பு நிறைந்த வேறோர் ஆர்வி-6ஐக் கண்டுபிடித்தார். விலை முதலாவதைவிடக் கூடுதல், நல்ல விமானத்தைவிடக் கணிசமாகக் குறைவு. விஸ்கான்சினில் இயங்கும் ஈஏஏ என்ற விமான ஆர்வலர் அமைப்பின் தன்னார்வத் தொழில்நுட்ப ஆலோசகர் ஒருவரும் வந்து பார்த்தார். காசு வாங்கவில்லை, காபி மட்டும் குடித்தார். எயிலரான் இரண்டையும் மாற்றச் சொன்னார், மற்றதைத் தொட வேண்டாம் என்றார். அப்படியே செய்து பறந்துகொண்டிருக்கிறோம்.

மூன்று மாதம் கழித்து முதல் விமானம் மறுபடி விற்பனைக்கு வந்தது. வால் எண்ணை, அதாவது பதிவு எண்ணை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. விற்பவர் வேறு, மாநிலமும் வேறு. முழு விலை. படங்களில் இடது இறக்கை கண்ணாடியாய்ப் பளபளக்கிறது, வலது இறக்கையில் பழைய பெயின்ட். அடிபட்ட கதை எதுவும் இல்லை என்று விளம்பரத்தில் எழுதியிருக்கிறது. நண்பர் அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். பின் ஸ்பார் போல்ட் தெரிகிற மாதிரி ஒரு படம்கூட இல்லை.